‘பொய்’ பக்கம் ஒட்டிய தாள்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளி நூலகம். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளைக் கணினியில் சரிபார்த்து, ‘மெய்’, ‘பொய்’ என்று பலகையில் பிரித்து ஒட்டுவதுதான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்றைய வேலை.

தேவதர்ஷினி ஒரு தாளைப் ‘பொய்’ பக்கம் ஒட்டினாள். ‘ஷிப்டுக்குப் போன சாலமோனைக் காணவில்லை. பார்த்தவர்கள் கீழே உள்ள எண்ணுக்குச் சொல்லவும்.’

“எப்படிக் கண்டுபிடிச்ச?” என்றார் நூலக ஆசிரியை புவனேஸ்வரி.

“மூணு வருசத்துக்கு முந்தி போட்டது மிஸ். இன்னும் சுத்திக்கினு இருக்குது. ஆபீஸ் போன்ல போட்டுப் பார்த்தேன், நம்பரு உபயோகத்துல இல்லயாம்.”

“கெட்டிக்காரி.”

அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த சோனியா எழுந்து போய்த் தாளைப் பிய்த்தெடுத்தாள்.

“இன்னாடி, பொறாமையா?” என்றாள் தேவதர்ஷினி.

“இது பொய் இல்ல மிஸ். எங்கப்பா இன்னும் ஊட்டுக்கு வரல. பொய்யினு சொல்லிட்டா அப்புறம் யாரும் தேட மாட்டாங்க.”

ஆசிரியையின் குரல் இறங்கியது. “அப்போ அந்த நம்பர், கண்ணு?”

“எங்க ஊட்ல ஒரே போன்தான் மிஸ். அம்மாவுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பரு அது ஒண்ணுதான். நோட்டீசு எழுதுனவங்ககிட்ட அழுதுகினே அதையே சொல்லிட்டாங்க. அந்தப் போன் அப்பாவோட சட்டைப் பையில இருந்துச்சு.”