இடது பக்கம் இழுக்கும் விமானம்

"வேகமாப் போற பிளேன் வேண்டாம். ஒழுங்காப் பறக்கறதும் வேண்டாம்" என்றார் கணக்கு வாத்தியார்.

ரிமோட் விமானக் கடைக்காரர் ஆச்சரியப்படுவதை எப்போதோ விட்டுவிட்டவர்.

"யாருக்கு சார், பேரனுக்கா?"

"எனக்குத்தான்."

"முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

"இல்ல. இனிமேலும் ஓட்டப் போறதில்ல. எங்க மொட்டை மாடியில இருந்து ஒரே ஒரு தடவை விடணும். பக்கத்து வீட்டுல போய் விழணும். அவ்வளவுதான்."

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பக்கத்து வீட்டுல யாரு?"

"எங்க அண்ணன். பேசி ஆறு வருஷம் ஆச்சு."

"சொத்துத் தகராறா?"

"ஏணித் தகராறு. அவரோட ஏணியை யார் உடைச்சதுன்னு."

"யார் உடைச்சது?"

"நான்தான். அதனாலதான் விட்டுக்கொடுக்க முடியல."

அதில் இருந்த நியாயத்தைக் கடைக்காரர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

விஷயம் இதுதான். அண்ணன் இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு இருக்கப் போகிறார். மகள் இருப்பது கண்காணாத தொலைவில். அவர் வீட்டு வாசலில் விற்பனைப் பலகைகூடத் தொங்க ஆரம்பித்துவிட்டது. அதற்குள் ஒருமுறையாவது அந்த வீட்டு மணியை அடித்துவிட வேண்டும் என்று வாத்தியார் தவித்துக்கொண்டிருந்தார். சும்மா போய் அடிக்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஏதாவது பொருள் விழுந்தால் கேட்டு வாங்கப் போகலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

"போன் பண்ணிடலாமே சார். நம்பர் இல்லையா?"

"நம்பர் எப்படி மறக்கும்? ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒண்ணாப் போய் வாங்கின சிம். கடைசி எண் மட்டும்தான் வித்தியாசம். எனக்கு ஏழு, அவருக்கு எட்டு. பெரியவனுக்குப் பெரிய நம்பர்னு அன்னைக்கே எடுத்துக்கிட்டார்." அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "எத்தனையோ தடவை அழுத்தியிருக்கேன். எட்டுக்கு முன்னாடி நின்னுடுவேன்."

கடைக்காரர் முதலில் காட்டிய விமானத்துக்கு மூக்கில் விசிறி இருந்தது. வாத்தியார் அதைத் தொடவே இல்லை.

"அண்ணி மாடியில துணி காயப் போடுவாங்க. மேல பட்டா ஆறு வருஷம் பன்னிரண்டு வருஷம் ஆயிடும்."

"அப்ப இதைப் பாருங்க." கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார். "இதுக்கு வால் கிடையாது, உடம்பு கிடையாது, வெறும் இறக்கை. முழுக்க ஃபோம். விசிறி பின்னாடி இருக்கு. முழு எடை இருநூறு கிராம்கூட வராது. யார் மேல விழுந்தாலும் தலையணை பட்ட மாதிரிதான்."

"தெரியும். இதே மாதிரி மூணு எங்க மாடியில வந்து விழுந்துச்சு. தெருப் பசங்களோடது போல. ஒண்ணு ஜன்னல் கண்ணாடியிலயே மோதிச்சு, ஒரு கீறல் இல்ல. அதைப் பாத்துதான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு."

"அதுல ஒண்ணை விட்டிருக்கலாமே?"

"ரிமோட் இல்ல. அதோட அடுத்தவங்க பொருள். கேட்டு வந்தா குடுக்கணுமேன்னு துடைச்சு பீரோ மேல வச்சிருக்கேன். ஒருத்தனும் வரல. விழுந்ததைப் போய்க் கேட்டு வாங்கக்கூடத் துப்பு இல்லாத ஜென்மங்க."

கடைக்காரர் விமானத்தைத் திருப்பிப் பார்த்தார். "அண்ணன் வீடு எந்தப் பக்கம்?"

"தெருவைப் பாத்து நின்னா இடது."

"நல்லதாப் போச்சு. கண்ணாடி அலமாரியில வெயில் பட்டு இதோட இறக்கை லேசா முறுக்கிக்கிச்சு. நேரா விட்டாலும் இடது பக்கம் இழுக்கும். சரிபண்ணி விக்கலாம்னு எடுத்து வச்சேன்."

"சரிபண்ணிடாதீங்க."

"வலது பக்கம் இழுக்கறதும் இருந்துச்சு. அதெல்லாம் போயிடுச்சு. எதுக்கும் ஒரு ஆள் வரத்தான் செய்யுது."

வாத்தியார் விமானத்தைக் கையில் வாங்கி, மணி அடிப்பது போல் விரலை ஒருமுறை காற்றில் அழுத்திப் பார்த்தார்.

"கதவு திறந்ததும், என் பிளேன் உங்க வீட்டுல விழுந்துடுச்சுன்னு சொல்வேன். அவர் உள்ள வாம்பார்."

"சொல்லலைன்னா?"

"பிளேனை வாங்கிட்டு வந்துடுவேன்." வாத்தியாரின் குரல் இறங்கிவிட்டது. "முகத்தையாவது பாத்திருப்பேன்ல. ஆறு வருஷத்துல அவர் முதுகைத்தான் பாத்திருக்கேன். எனக்கு ஒரே அண்ணன்."

கடைக்காரர் மேசை டிராயரைத் திறந்து, சின்ன ஸ்டிக்கர் ஒன்றையும் பேனாவையும் எடுத்தார்.

"உங்க நம்பர் சொல்லுங்க சார். எங்க கடையில போற எல்லா பிளேனுக்கும் பேட்டரி மூடிக்கு உள்பக்கம் ஒட்டித்தான் குடுப்பேன். வெளியில ஒட்டினா மழையில அழிஞ்சிடும். எங்கயாவது போய் விழுந்தா, எடுத்தவங்க மூடியைத் திறந்து பாத்துட்டுக் கூப்பிடுவாங்க."

வாத்தியார் வகுப்பில் சொல்வது போல் ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார். கடைக்காரர் எழுதி, ஒட்டி, மூடியைத் திருப்பிக் காட்டினார். வாத்தியார் விடைத்தாள் திருத்துகிற கண்ணோடு பார்த்தார்.

"கடைசி எண் தப்பு. நான் ஏழு சொன்னேன், நீங்க எட்டு போட்டிருக்கீங்க."

"மன்னிச்சுக்கங்க சார்" என்று கடைக்காரர் ஸ்டிக்கரைப் பிய்த்தார். "வலது பக்கம் இழுக்கற மூணையும் ஒரே ஆள்தான் வாங்கிட்டுப் போனார், மூணு தடவையும் இதே நம்பருக்குக் கடைசியில எட்டு போட்டு எழுதி எழுதி, கை தானா அதுக்கே போயிடுது."