டேஞ்சர் என்றால்

என்ன ஆனாலும் இன்று அழக்கூடாது என்றுதான் வந்திருந்தாள்.

டீ ஊற்றினாள். பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தாள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைச் சீட்டு. அந்தக் கம்பெனியில் மீட்டிங் என்றால் பாட்டிலில் பெயர் ஒட்டித்தான் வைப்பார்கள். ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் எடுத்துவிடக் கூடாதாம்.

பிறகு சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம், விசாரணைக்கு வந்த அதிகாரி அம்மாள். இந்தப் பக்கம், சேஃப்டி ஆபீசர் விக்ராந்த்.

பேச்சு அவள் புருஷன் தணிகாசலத்தைப் பற்றி.

எட்டு மாதத்துக்கு முன் இதே கம்பெனியில் தொட்டி கழுவ இறங்கினான். ஏறவில்லை. உள்ளே விஷவாயு.

யார் மேல் தப்பு என்று இன்றைக்கு எழுதிவிடுவார்கள். எழுதினால் எழுதினதுதான். அப்புறம் காலத்துக்கும் அதுதான் அவன் பெயர்.

விக்ராந்த் ஒரு போட்டோவை நீட்டினான். தொட்டி வாசலில் மாட்டியிருந்த போர்டு.

"பாருங்க மேடம். காஷன்னா சின்னக் காயம். வார்னிங்னா உயிர் போகலாம். டேஞ்சர்னா கண்டிப்பா போகும். நாங்க டேஞ்சர் போர்டே வச்சிருந்தோம்."

அடேங்கப்பா. சாவுக்கு எத்தனை படிக்கட்டு!

அவளுக்கும் இப்போது அந்த வார்த்தைகள் எல்லாம் தெரியும். புருஷன் செத்த இடத்திலேயே போய் டீ ஊற்றுகிறாளே, வெட்கம் கெட்டவள் என்று தெருவே பேசியது. பேசட்டும். டீ கொண்டுபோகும் வழியெல்லாம் ஒவ்வொரு போர்டாக நின்று பார்த்தாள். லேபில் இருக்கிற பெண்ணைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். ஹசார்ட். டாக்ஸிக். ஃபேட்டல். எட்டு மாதம், வேறு படிப்பே இல்லை.

எதற்கு? அவளுக்கு மட்டும் தெரியும்.

தணிகாசலம் ஒன்றும் தற்குறி இல்லை. பேப்பர் வாங்கினால் ஏலம், டெண்டர் விளம்பரம்கூட விடமாட்டான். மின்கம்பத்தில் அபாயம் என்று எழுதியிருந்தால் ஆட்டைக்கூட அந்தப் பக்கம் மேயவிட மாட்டான்.

இறங்குவதற்கு முதல் நாள் சோறு தின்றுகொண்டே சிரித்தான்.

"தொட்டிக்கெல்லாம் இங்கிலீஷ்ல பேரு வச்சி போர்டு மாட்டிட்டாங்க தெரியுமா? நம்ம வீட்டுக்குத்தான் ஒரு நம்பர்கூட இல்ல."

பாவி மனுஷன். பேர் என்று நினைத்துக்கொண்டு போனான்.

"போர்டு இருந்துச்சு. அவர் கவனிக்கல. நாங்க என்ன செய்ய முடியும் மேடம்?"

விக்ராந்த் தோளைக் குலுக்கினான்.

 

அதிகாரி அம்மாள் பேனாவை எடுத்தார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதத் தொடங்கினார். எழுத எழுத முணுமுணுக்கும் பழக்கம் அவருக்கு.

பேசிப் பேசித் தொண்டை காய்ந்திருக்கும். விக்ராந்த் தன் முன்னால் இருந்த பாட்டிலைத் திறந்தான். மடக் மடக்கென்று பாதியைக் குடித்தான்.

அவள் சுவரை விட்டு நகர்ந்தாள்.

"அதுல என்னா எழுதியிருக்குதுன்னு பாத்தீங்களா சார்?"

விக்ராந்த் பாட்டிலைத் திருப்பினான். இன்னொரு தரம் திருப்பினான்.

"என் பேர்தானே? எனக்குத் தமிழ் படிக்க வராதுக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதில் ஒரு பெருமை வேறு. போன மாதம் கல்யாணப் பத்திரிகையை அவளிடம் நீட்டி, மண்டபம் எது என்று கேட்டபோதும் இதே சிரிப்புதான்.

"மேடம் வாசிப்பாங்க சார். குடுங்க."

அதிகாரி அம்மாள் வாங்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"அபாயம். இதைக் குடித்தால் உயிர் போய்விடும்."



முதலில் அவன் முகம் வெளுத்தது. பிறகு நாற்காலி கவிழ்ந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டான். விரலை வாய்க்குள் விட்டுக் குமட்டினான். ஒன்றும் வரவில்லை.

"அக்கா, என்ன குடுத்தீங்க? ஐயோ, சொல்லுங்கக்கா!"

அவன் கண்ணில் நீர் கோத்துவிட்டது. அவள் நன்றாகப் பார்த்தாள். ஆசை தீரப் பார்த்தாள்.

அதிகாரி அம்மாள் எழுந்துவிட்டார். எழுதிய வரி பாதியில் கிடந்தது.

"என்னம்மா இது? என்ன ஊத்தி வச்சிருக்க? சீக்கிரம் சொல்லு!"

"எழுதித்தான் வச்சிருந்தேன் மேடம். சாரு கவனிக்கல."

பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது. அதிகாரி அம்மாள் அதை எடுக்கவில்லை. போட்டோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தாளைக் குறுக்கே கிழித்தார்.

விக்ராந்த் மேசையைப் பிடித்தபடி முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். அம்மா, அம்மா என்று அரற்றினான்.

பச்சைத் தண்ணீர். காலையில் கேன்டீன் குழாயில் அவளே பிடித்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்துவிடுவான்.

தணிகாசலத்தை மேலே தூக்க நாலு நிமிஷம் ஆனதாக அறிக்கையில் இவன்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.