முதல் சத்தம்

ஆவணி பிறந்ததிலிருந்து மரகதத்தின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. எதிரில் உட்கார்ந்து பேசினால்கூட உதடு அசைவதுதான் தெரிந்தது. பிரஷர்தான் அவள் குரலை அமுக்குகிறது என்று நினைத்தான் அவள் புருஷன் கண்ணப்பன்.

பிரஷர் ஏறினால் மனைவிக்குக் கை கால் இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பென்னலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு வர முடியாதே என்று, நர்ஸ் ரத்னா ஒரு பிரஷர் மெஷினைக் கொடுத்து, அவனுக்கே பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, மெல்ல இறக்க வேண்டும். முள் இறங்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் முதல் சத்தம் எங்கே கேட்கிறதோ, அதுதான் பிரஷர். அது மெலிசாக வரும், விட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

பதினாறு வருஷம் தகடு வெட்டும் பிரஸ்ஸின் இரைச்சலில் நின்று, ஒரு விரலைக்கூடப் பறிகொடுக்காத மனுஷன். இதிலா கோட்டை விடுவான்? ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பட்டையைச் சுற்றினான். தொண்ணூற்றொன்றாம் வருஷத்துக் காலண்டரில், பதினோரு நாளும் நூற்று முப்பது என்றே எழுதினான்.

பிரஷர்தான் இறங்கிவிட்டதே, பிறகு ஏன் குரல் வரவில்லை? டாக்டர் கொடுத்த மாத்திரைதான் இவளை அடித்துப்போடுகிறது என்று அவனாகவே முடிவுகட்டினான். டாக்டரை ஒரு வார்த்தை கேட்காமல், அதைப் பாதியாக உடைத்துக் கொடுத்தான். அதிகப்பிரசங்கித்தனம்தான். பயந்துபோனவனிடம் யார் சொல்வது?

பன்னிரண்டாம் நாள், அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த மரகதம் தலை சுற்றிச் சாய்ந்தாள். தூக்கி வந்து பட்டையைச் சுற்றினான். அப்போதும் நூற்று முப்பதுதான். மெஷினையும் அவளையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு ஓடினான்.

அதே மெஷினில் ரத்னா பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு. டாக்டர் உடனே மருந்து கொடுத்து, ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்தார். நல்லவேளை, கை கால் அசைந்தது.

கண்ணப்பன் வாசற்படியில், உள்ளே பார்க்கத் தைரியமில்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் ரத்னா வந்து அவன் தோளைத் தட்டினாள்.

"இத்த மாத்திக் குடு சிஸ்டர். கெட்டுப்போன மெஷினு, என் பொண்டாட்டியக் கொன்னுருக்கும்."

ரத்னா அவன் முகத்துக்கு நேராக வந்து நின்று, உரக்கச் சொன்னாள். "மெஷின் நல்லாத்தான் கீது. நானும் இதுலதானே பார்த்தேன்?"

"அப்ப எனக்கு மட்டும் எப்டி நூத்தி முப்பது காட்டுச்சு?"

ரத்னா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். மரகதம் அவனைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அவங்க நாலு வாட்டி உங்களக் கத்திக் கூப்ட்டாங்களே."