கம்பனிப் பெயின்ற்

“உமக்கு விசரே, ராசநாயகம்? சட்டைக் கையை இறக்கும்! பாக்க ஏலாமல் கிடக்கு!”

பரமலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இராசநாயகம் சட்டைக் கையை இறக்கவில்லை. இன்னும் வீக்கம் வற்றாத புயத்தில், பச்சை குத்திய எழுத்துகள் கோணல்மாணலாகத் தெரிந்தன. ஈ.வை. 4172. கொட்டிலுக்குள் நின்ற பரமலிங்கத்தின் பழைய ஒஸ்ரின் காரின் நம்பர் அது.

ஊர்காவற்றுறைப் பக்கத்தில் பழைய கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் இரண்டே பேர்தான். கொழும்பில் கந்தோரொன்றில் உத்தியோகம் பார்த்து, எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு நாரந்தனைக்கு வந்து சேர்ந்த பரமலிங்கம் ஒருவர். வள்ளம் வைத்துத் தொழில் செய்யும் இராசநாயகம் மற்றவர். அவருடைய மொறிஸ் மைனர் உப்புக்காற்றில் உக்கிப்போய், இப்போது அதற்குள் கோழிகள் முட்டையிடுகின்றன.

அடுத்த மாதம் பரமலிங்கமும் மனைவியும் கனடாவுக்கு, மகனிடம் போகிறார்கள். ஒஸ்ரினை இராசநாயகத்துக்கே தருவதாகப் பரமலிங்கம் வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று வருஷமாக அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்த மனுஷன், சந்தோஷம் தாங்காமல் கையில் குத்திக்கொண்டு வந்து நிற்கிறார்.

“ஆர் குத்தினது?”

“நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு ஆக்களை ஏத்திக்கொண்டு போன இடத்திலை ஒரு குறத்தி குத்தினவள், அண்ணை. அவளுக்குத் தேளும் வேலும்தான் தெரியும். நம்பரை நான் பேனையாலை எழுதிக் குடுத்தனான். அதுக்கு மேலாலை குத்திவிட்டவள்.”

“வேதக்காரனுக்கு நயினாதீவிலை பச்சை! உங்கட சேர்ச்சுச் சுவாமியார் கண்டால் என்ன சொல்லுவார்?”

“சுவாமியாரும் பழைய கார்தானே வைச்சிருக்கிறார். அவருக்கு விளங்கும்.”

தேத்தண்ணியோடு வந்த பரமலிங்கத்தின் மனைவி யோகம்மா சிரித்துவிட்டார். பரமலிங்கம் சிரிக்கவில்லை.

“நாளைக்கு நேவிக்காரன் மறிச்சு, இதென்ன நம்பர் எண்டு கேட்டால்?”

“கார் நம்பர் எண்டு சொல்லுவன்.”

“காரைக் காட்டு எண்டால்?”

“அதுக்குத்தானே அண்ணை உங்களட்டை வந்தனான்.”

“இஞ்ச பாரும்!” பரமலிங்கம் காரின் கதவைத் தொட்டுக் காட்டினார். “ஐம்பத்து மூண்டிலை கம்பனி அடிச்ச பெயின்ற் இது. இண்டுவரைக்கும் ஆரும் இதிலை பிறஷ் வைச்சதில்லை. மனுசத் தோலும் அப்பிடித்தான். ஆண்டவன் அடிச்சு அனுப்பின கம்பனிப் பெயின்ற். அதிலை போய் ஊசியாலை கிறுக்கிக்கொண்டு வந்து நிக்கிறீர்!”

“கம்பனிக்காரனும் காருக்குப் பேர் குத்தித்தானே அண்ணை அனுப்புறான்? பொனற்றைப் பாருங்கோவன். பேரில்லாத காரை ஆர் மதிக்கிறது?”

பரமலிங்கம் பொனற்றில் பொறித்திருந்த பேரைப் பார்த்தார். அதனால் கோபம் கூடியது.

“அது பிறக்கேக்கை உள்ளது. பிறகு ஒட்டுறது, பூசுறது, குத்துறது எல்லாம் கள்ளச் சாமான்! ஒரிஜினல் இல்லாத ஒண்டையும் என்ர கண்ணிலை காட்டக்கூடாது!”

“விருப்பத்திலை குத்தினதண்ணை,” இராசநாயகத்தின் குரல் தணிந்தது. “அந்தக் கலவரத்துக்குள்ளை, அனுராதபுரம் தாண்டுமட்டும் லைற் போடாமல் நீங்கள் ஓட்டிக்கொண்டு வந்த காரெல்லோ? அந்தக் கதையை நீங்கள் சொல்லேக்கை எனக்கு மயிர் கூச்செறியும். கடல்காத்து ஒரு நாளைக்கு இதையும் தின்னும். நம்பராவது என்னோடை இருக்கட்டும்.”

பரமலிங்கத்தின் முகம் இளகியது. முதல் தடவையாக அந்தக் கையை நேராகப் பார்த்தார்.

“சரி, குத்தினது குத்தியாச்சு. தேங்காயெண்ணெய் பூசும். காயட்டும்.”

இராசநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. “அப்ப திங்கக்கிழமை காரின்ர பதிவுப் புத்தகத்தைக் கொண்டுபோய் என்ர பேருக்கு மாத்துவம், அண்ணை. இப்ப ஒருக்காப் பொனற்றைத் திறவுங்கோ. எஞ்சின் நம்பரைப் புத்தகத்தோடை ஒத்துப் பாக்கவேணுமாம்.”

பரமலிங்கம் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, பொனற்றை மறைத்துக்கொண்டு நின்றார்.

“கார் இல்லை!”

“என்னண்ணை?”

“தோலின்ர அருமை தெரியாத ஆளுக்குக் காரின்ர அருமை தெரியாது. நான் வாக்குத் தந்தது கையிலை கிறுக்காத ராசநாயகத்துக்கு. போயிட்டு வாரும்!”

இராசநாயகம் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டு, தேத்தண்ணியைத் தொடாமலே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். படலையடியில் அவர் கண்ணைத் துடைப்பதை யோகம்மா கண்டார். கணவரிடம் திரும்பினார்.

“பாவம், அந்த மனுசன் அழுதுகொண்டெல்லே போகுது! கையிலை குத்தினதுக்கோ இந்தத் துள்ளல் துள்ளினனீங்கள்? எஞ்சின் நம்பரைப் பாத்தால் பிடிபட்டுப்போவன் எண்ட பயம் எண்டு சொல்லுங்கோவன்!”

பரமலிங்கம் துணியை எடுத்து, குனிந்து, காரின் நம்பர் தகட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

“எங்கட காரைக் கலவரத்துக்குள்ளை வெள்ளவத்தையிலை எங்கட கண்ணுக்கு முன்னாலை எரிச்சவங்கள். நாங்கள் அகதிக் கப்பலிலை வந்து இறங்கினனாங்கள். இது பிறகு உடுவிலிலை ஒரு ஆளட்டை வாங்கி, கொட்டிலைச் சாத்திப்போட்டு நீங்களே பெயின்ற் அடிச்ச கார்.” யோகம்மா நம்பர் தகட்டைச் சுட்டிக்காட்டினார். “எரிஞ்ச காரிலையிருந்து கழட்டி, சாறத்துக்குள்ளை சுத்திக் கொண்டுவந்த உந்தத் தகடு ஒண்டுதான் இதிலை ஒரிஜினல். அந்த மனுசன் அதைத்தானே கையிலை குத்திக்கொண்டு வந்தது!”