வலப்பக்க முதல் பெஞ்சு

கிட்டே வந்து உட்காருங்கள், மக்களே. ஒரு மர பெஞ்சின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான்.

அன்றைக்குக் கோயிலின் நூற்று எழுபதாவது பிரதிஷ்டைப் பண்டிகை. ஜெபசுதா வலப்பக்க முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அறுபத்தெட்டு வயது. நீலக்கரை போட்ட வெள்ளைப் பட்டு.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலைப் பார்த்து நிற்கிற கிறிஸ்தவக் கோயில் அது. துறைமுக வேலைக்கு வந்த இங்கிலீஷ்காரர்கள், தங்கள் ஊர்க் கோயில் மாதிரியே வேண்டும் என்று கட்டியது. கடற்பாறைக் கல்லும் சுண்ணாம்புமாய்ச் சுவர். கூரான வளைவு வைத்த சன்னல். கப்பலில் வந்து இறங்கிய மணி.

சுவர் நெடுகப் பளிங்குப் பலகைகள். காய்ச்சலில் செத்த கேப்டன், பேதியில் செத்த துரைசானி, பெயர் வைக்குமுன் செத்த குழந்தை.

அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். தமிழ்ப் பெயர் ஒன்றே ஒன்றுதான். அதுவும் சுவரில் இல்லை. முதல் பெஞ்சின் ஓரத்தில், ஒரு பித்தளைத் தகட்டில் இருந்தது.

ஞானமுத்து. முத்துக்குளிக்கிற தோணிக்குத் தலைவர். ஜெபசுதாவின் பாட்டனாருக்குப் பாட்டனார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தத் தகட்டை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் அவள் உட்காருவாள்.

இந்த வருஷம் சபைக் கமிட்டியில் ஒரு பேச்சுக் கிளம்பியது. கோயிலில் எந்த வீட்டுக்கும் தனி இடம் வேண்டாம், முதலில் வருகிறவர் முன்னால் உட்காரட்டும் என்று.

ஜெபசுதாவுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் துபாயில். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் இன்ன வீட்டுக்காரி என்று ஊருக்குத் தெரிகிற நேரம்.

அவளிடம் ஒரு கடிதம் இருந்தது. அந்தக் காலத்தில் பெஞ்சைக் கொடுத்தபோது, முத்துக்குளிப்பைக் கண்காணித்த வெள்ளைக்காரத் துரை எழுதித் தந்தது. கொடிகொடியாய் ஓடுகிற அந்தப் பழைய இங்கிலீஷ் கையெழுத்தை வீட்டில் ஒருவருக்கும் வாசிக்க வராது. பெரியவர் ஞானமுத்துவின் உண்மைக்காகக் கொடுத்தது என்று ஐந்து தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு, வேதபுத்தகத்துக்குள் வைத்திருந்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு அவள் ரெக்ஸிடம் போனாள். சபைச் செயலாளர், இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். அடுத்த வீடு. கூடப் பிறக்காத தம்பி. அவள் அடுப்பில் மீன் குழம்பு கொதித்தால் அவன் வீட்டுக்கு ஒரு சட்டி போகாமல் இருந்ததில்லை.

ரெக்ஸ் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, கடிதத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"பண்டிகையன்னிக்கு நானே தமிழ்ல வாசிக்கேன்க்கா. சபை முழுக்கக் கேக்கணும். அதுக்கு மேல பெஞ்சப் பத்தி ஒருத்தனும் பேச மாட்டான்."

அவள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இப்போது, பண்டிகை ஆராதனையில், பிரசங்கம் முடிந்து ரெக்ஸ் கடிதத்தோடு எழுந்து வந்தான்.

நேர் பின்பெஞ்சில் மாமியாரோடு உட்கார்ந்திருந்த ஐஸ்வர்யா முன்னால் குனிந்தாள். "என்ன பெரியம்ம, இன்னைக்கு ஒங்களுக்குப் பட்டாபிஷேகம்லா."

"ஏளா, வயிறு எரிஞ்சா நீயும் ஒரு துரைகிட்ட போயி எழுதி வாங்கிட்டு வா" என்றாள் ஜெபசுதா, திரும்பாமலே.

ரெக்ஸ் வாசித்தான். வாத்தியார் குரல். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை.

"இந்த ஞானமுத்து நமக்கு உண்மையுள்ளவன்."

ஜெபசுதா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தன் தோணியில் முத்துக்குளிக்கிற ஏழு பேர் சர்க்கார் முத்தை ஒளிக்கிறார்கள் என்று இவனே வந்து நம்மிடம் சொன்னான். இவன் கொடுத்த பெயர்களை வைத்து அந்த ஏழு பேரையும் கரையில் கட்டி அடித்தோம். இரண்டு பேர் பிழைக்கவில்லை. இந்த உதவிக்காக, இவனும் இவன் சந்ததியும் கோயிலில் முதல் பெஞ்சில் உட்காரலாம் என்று உத்தரவாகிறது."



தெரியாமல் வாசித்துவிட்டான், இதோ நிறுத்திவிடுவான் என்று ஜெபசுதா அவனையே பார்த்தாள். பிறகுதான் அவன் கடிதத்தை ஒரு வாரம் வைத்திருந்தது அவளுக்கு உறைத்தது.

அவன் கடிதத்தின் அடியில் இருந்த அந்த ஏழு பெயர்களுக்கு வந்திருந்தான்.

"தாவீது. சவரிமுத்து. பேதுரு."

ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஏதோ ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. மூன்றாவது பெயருக்கு ஐஸ்வர்யாவின் மாமியார், "எங்க ஆளுல்லா" என்றாள். அப்புறம் ஐஸ்வர்யாவின் மூச்சு ஜெபசுதாவின் பிடரியில் படவில்லை. அந்தப் பெண் விலகிப் பின்னால் சாய்ந்துவிட்டாள்.

ஏழாவது பெயருக்கு முன் ரெக்ஸ் கண்ணாடியைக் கழற்றினான். அதைச் சொல்ல அவனுக்குத் தாள் தேவைப்படவில்லை.

"யாக்கோபு. பிழைக்காத ரெண்டு பேர்ல ஒருத்தர். எங்க பூட்டனாருக்கு அப்பா."

கடிதத்தை மடித்தான். படியிறங்கி வந்து, இரண்டு கையாலும் அதை அவளிடமே நீட்டினான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், எப்போதும் பேசுகிற மாதிரியே பேசினான்.

"அவர அடிச்சுக் கொன்னது எங்க வீட்ல சின்னப்பிள்ளைக்குங்கூடத் தெரியும்க்கா. காட்டிக்குடுத்தது யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு. நீங்க கொண்டாந்து தந்திய."

அவ்வளவுதான், மக்களே. உங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வரவேண்டாம். உங்களுக்கு வாசிக்கத் தெரியாததை வாசித்துச் சொல்கிறவர், உங்கள்மேல் பாசம் உள்ளவராகவே இருக்கட்டும்.