பச்சைப் பெட்டி

தமிழ்வாணியின் கட்டைவிரல் நகத்தில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. ஜெயபாண்டி முதலில் பார்த்ததே அதைத்தான். பார்த்ததும் மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்.

ஆரப்பாளையம் லாட்ஜ் ஹாலில், பழைய பொம்மை ரயில் சேகரிப்பவர்களின் மாதக் கூட்டம். அவள் ஒரு தகர ரயில் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். அடியில் ‘அழகுபாண்டி’ என்று ஊசியால் கீறியிருந்தது. சங்கத்தில் எல்லோரும் தங்கள் பெட்டிகளில் அப்படித்தான் பேர் கீறி வைப்பார்கள்.

"அப்பாவோட பெட்டி மாமா. இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க."

இந்த ரயிலைச் செய்த கம்பெனி ஊருக்கெல்லாம் சிவப்புப் பெட்டிதான் போட்டது. பச்சை அபூர்வம். ஜில்லாவிலேயே தன்னிடம் மட்டும்தான் அது இருக்கிறது என்று ஜெயபாண்டிக்கு ஒரு பேர்.

அந்தப் பேருக்காக அந்த மனுஷன் செய்த காரியம் அவளுக்கு மறக்குமா? மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே ஹாலில், இந்தப் பெட்டியை பிளேடால் சுரண்டினார். அடியில் சிவப்பு தெரிந்தது. "சிவப்புக்குப் பச்சை அடிச்சு ஏமாத்த வந்துட்டான்!" என்றார். அன்று கவிழ்ந்த அப்பாவின் தலை சாகும்வரை நிமிரவில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"ஒங்க பெட்டியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க மாமா. கண்ணாடியப் போட்டுக்கங்க."

ஜெயபாண்டி வெல்வெட் டப்பாவிலிருந்து தன் பச்சையை எடுத்து வைத்தார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அவர் குனிந்து பைக்குள் கண்ணாடியைத் துழாவும்போது, அவள் துப்பட்டா நுனியால் இரண்டையும் எடுத்துத் தூசி துடைத்து வைத்தாள்.

கண்ணாடியை மாட்டியவர், தன் பக்கம் இருந்ததை அலுங்காமல் டப்பாவுக்குள் வைத்து மூடினார். மற்றதைக் கையில் எடுத்தார்.

"ஏத்தா, நகத்துல என்ன பச்சை?"

அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"நான் சொரண்டுன எடத்துல பெயின்ட் பூசிக் கொண்டாந்திருக்கா! அப்பனுக்குத் தப்பாத பிள்ளை! எல்லாரும் வாங்கப்பா!" பிளேடை எடுத்துவிட்டார்.

"சொரண்டுனா போச்சு மாமா. யோசிச்சுக்கங்க."

"ஒரிஜினலா இருந்தாத்தான போறதுக்கு?"

சரக் சரக்கென்று இரண்டு பக்கமும் வழித்தார். பச்சை துகள் துகளாக மேஜையில் கொட்டியது. அடியில் சிவப்பு.

"பாத்துக்கங்க! அடியில சிவப்பு இருந்தா போலி. அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சங்கச் செயலாளர் கண்ணுச்சாமி மட்டும் உச்சுக்கொட்டினார். "ஏம்மா ஒனக்கு இந்தப் பொழப்பு?"

தமிழ்வாணிக்கு முகம் சுண்டவில்லை. சுரண்டிய பெட்டியை ஜெயபாண்டி கையிலிருந்து வாங்கி, கண்ணுச்சாமியிடம் நீட்டினாள்.

"மாமா தீர்ப்புச் சொல்லிட்டாருண்ணே. போலி யாருதுன்னு நோட்டுல எழுதிக்கங்க."

கண்ணுச்சாமி பேனாவைத் திறந்துகொண்டே பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். பேனா அப்படியே நின்றது.

"ஜெயபாண்டிண்ணே… இதுல ஒங்க பேருல்ல கீறியிருக்கு!"