பதினைந்தாவது டோக்கன்

"அக்கா, சாப்பாட்டு டோக்கன்ல என் பேரை மட்டும் எடுத்துடுங்க. பசங்க ரெண்டு பேருக்கும் துட்டு இந்தாங்க" என்று இருநூறு ரூபாயை நீட்டினாள் சுபலட்சுமி.

ரூபாயை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள் கமலம்.

விடிந்தால் அமாவாசை. ஆரணியில் தறிகளுக்கு லீவு. தெருவே வேன் பிடித்து, சென்னைப் பக்கம் இருக்கும் தீம் பார்க்குக்குக் கிளம்புகிறது. ஏற்பாடெல்லாம் கமலத்தின் பொறுப்பு.

"இன்னாடி, இப்ப வந்து சொல்ற? நேத்து வரைக்கும் சரி சரின்னுகினு இருந்தியே."

"அமாவாசை இல்லக்கா? எனக்கு விரதம்."

மேற்கொண்டு கேட்பதற்குள் போய்விட்டாள்.

பார்க்குக்குள் வெளிச்சோறு கொண்டுபோகக் கூடாது. உள்ளே வாங்கினால் யானை விலை. இங்கேயே டிராவல்ஸ் கடையில் முன்னாடி கட்டிவிட்டால் மதியச் சாப்பாடும் சாயங்காலம் பஜ்ஜி, டீயும் சேர்த்து ஆளுக்கு நூறு ரூபாய்.

லாபமா, நஷ்டமா? நாலு நாளாக இதையே மனசுக்குள் போட்டு உருட்டினாள் கமலம். சின்னப் பசங்க நூறு ரூபாய்க்குத் தின்னுமா? தின்னாது. ஆனால் தண்ணியில் ஆடிவிட்டு வந்தால் பசி இரண்டு பங்கு ஆகிவிடுமே. கடைசியில் லாபம்தான் என்று முடிவு செய்து, தெருவில் எல்லோரையும் சம்மதிக்க வைத்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை. பதினைந்து பேராவது சேர வேண்டும். ஒருத்தர் குறைந்தாலும் எல்லோருக்கும் நூற்றைம்பது.

இப்போது பதினாலு. எழுநூறு ரூபாய் துண்டு விழும். நூறு என்று சொல்லி வாங்கிய பிறகு யாரிடம் போய் இன்னொரு ஐம்பது கேட்பது?

"நாமே ஒரு நூறு போட்டு அந்த டோக்கனை எடுத்துட்டா இன்னா?" என்றாள் புருஷனிடம்.

"எங்க இருக்குது நூறு? வேன் அட்வான்ஸுக்கே வழிச்சுக் குடுத்தாச்சு" என்றான் தருமன். "அவ புருசன் பெங்களூர்ல சம்பாதிக்கிறான். இவளுக்குக் கடைசி நேரத்துல பக்தி வந்துடுச்சு. ஊர் வேலையை இழுத்துப் போட்டுக்காதன்னா கேக்கறியா? எல்லாம் பேஜாரு."

"டோக்கன் வேணாம்னது நம்ம தறி முதலாளி கந்தசாமி ஒருத்தர்தான். அவரைக் கேட்டுப் பாக்கட்டுமா?"

தருமன் சிரித்தான். "கூலி குடுக்கறப்பவே நோட்டை ரெண்டு தரம் தடவிப் பாக்கற ஆளு. பேரனுக்கு மட்டும் டோக்கன் எடுத்துட்டு, மடியில முறுக்கு கட்டிகினு வருவாரு. போ, போய்க் கேளு."

வேறு வழியில்லை. டிராவல்ஸ் கடை சாத்த அரைமணிதான் இருந்தது. கமலம் முதலாளி வீட்டுக்கு ஓடினாள்.

கந்தசாமி புடவை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு டோக்கன் கொறையுது. நீங்க எடுத்துகினா எல்லாருக்கும் நூறு ரூபாயில முடிஞ்சிடும்."

"யாரு வேணாம்னாங்க?"

"சுபலட்சுமி. அமாவாசை விரதமாம்."

மடித்த கை ஒரு நிமிஷம் நின்றது. இடுப்புப் பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்து, இரண்டு தரம் தடவிப் பார்த்துக் கொடுத்தார்.

"என் பேரைப் போட்டுடு. நான் பசி தாங்க மாட்டேன்."

கமலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் பார்க்கில் மதியம். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று, டோக்கனோடு உள்ளே போனவர்களை எண்ணினாள் கமலம். தன்னையும் சேர்த்தால் பதினாலு பேர். கந்தசாமியைக் காணோம்.

சாப்பிடவில்லை, துட்டைத் திருப்பிக் கொடு என்று மனுஷன் கேட்டுவிட்டால்?

தேடிப் போனாள். மரத்தடி பெஞ்சில் பசங்களின் ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டு சுபலட்சுமி உட்கார்ந்திருந்தாள். எதிரே கந்தசாமி டோக்கனை நீட்டிக்கொண்டு நின்றார்.

"போய்ச் சாப்பிட்டு வாம்மா."

"எனக்கு விரதம் மாமா."

"புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ உனக்கு இன்னா அமாவாசை விரதம்? சுமங்கலி இன்னிக்குப் பட்டினி கெடக்கக் கூடாது."

சுபலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு ரெண்டு மாசமா பணம் அனுப்பல மாமா."

"நான் கேட்டனா? ஜல்தி போ, சோறு தீந்துடப் போவுது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டோக்கனை வாங்கிக்கொண்டு அவள் கூடத்துக்குள் போனாள்.

கமலம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

"நேத்தே அவ பேர்ல கட்டியிருக்கலாமே மாமா."

"தெருவுல நின்னு குடுத்தா அவ வாங்குவாளா?"

"அதுக்காக நீங்க பட்டினி கெடக்கறதா? பசி தாங்க மாட்டேன்னீங்களே. வாங்க, என் சாப்பாட்டுல பாதி எடுத்துக்கலாம்."

கந்தசாமி பெஞ்சில் கிடந்த ஈரத்துணிகளை ஒவ்வொன்றாக உதறி வெயிலில் போட்டார்.

"வெளியில கை நனைக்க மாட்டேம்மா. எங்கப்பா போய் ஆறு வருசம் ஆவுது. இன்னிக்கு விரதம் எனக்குத்தான்."